ஓசி வேகம்

என் பயிற்சியாளர் அனுப்பும் அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே ஒவ்வொரு வாரமும் ஒரே வரிதான் இருக்கும்: தனியாக மூன்று மணி நேரம் சைக்கிள், இதயத் துடிப்பு 135-ஐத் தாண்டக் கூடாது. நான்கு வருடங்களில் நான் அந்த வரிக்குக் கீழ்ப்படிந்த ஞாயிறுகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். மீதி ஞாயிறுகளில் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

காலை நாலேகாலுக்கு வீட்டை விட்டு இறங்குவேன். மார்கழியில் மயிலாப்பூர் எனக்கு முன்பே எழுந்திருக்கும். மாட வீதிப் பக்கம் வாசல் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்திருப்பார்கள். கோலத்தின் மேல் சக்கரம் ஏறிவிடாமல் வளைந்து, மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்த ஆர்.கே. மட் சாலையில் இடுக்கு கண்டுபிடித்து, மந்தைவெளி தாண்டி, திரு.வி.க. பாலத்தில் ஏறினால் அடையாற்றின் வாடை மூக்கில் ஏறும். திருவான்மியூரை நெருங்கும்போதே தூரத்தில் எங்கள் சைக்கிள் குழுவின் இருபது சிவப்பு விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டு நிற்பது தெரியும். அந்த விளக்குகளைப் பார்த்ததும் என் வயிற்றில் ஏற்படும் குறுகுறுப்பு, பள்ளிக்கூட நாளில் கிரிக்கெட் ஆட ஆள் சேர்ந்துவிட்டது தெரிந்ததும் ஏற்பட்டது. நாற்பத்து மூன்று வயதில் வேறெதற்கும் எனக்கு அது வருவதில்லை.

ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரை வரைக்கும் எல்லாரும் நல்லவர்கள். பேசிக்கொண்டு, யாருக்கு எந்த டாக்டர் முட்டிக்கு என்ன சொன்னார் என்று விசாரித்துக்கொண்டு போவோம். உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். யாரும் சொல்லாமலே வரிசை நீளும். முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம். "குழி!" என்று முன்னால் ஒரு குரல், கை கீழே காட்டும், அந்தக் குரல் ஒவ்வொரு வாயாக மாறிக் கடைசி ஆள் வரை போய்ச் சேரும். சங்கிலிகளின் சத்தம் ஒன்றாகி ஒரே இரைச்சலாகும். மீட்டரைப் பார்த்தால் 38, சில சமயம் 40. துடிப்பு 170. நுரையீரல் எரிகிறது, தொடை எரிகிறது, எனக்குச் சிரிப்பு வருகிறது. தனியாக ஓட்டும்போது ஒரு முறைகூட நான் சிரித்ததில்லை.

ஆனால் அந்த 38 என்னுடையது அல்ல.

சைக்கிளில் சமதரையில் 30-ஐத் தாண்டிவிட்டால் உழைப்பில் பெரும்பகுதி காற்றோடு மல்லுக்கட்டத்தான் போகிறது. வேகம் இரட்டித்தால் காற்றைக் கிழிக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு. இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் கால் பங்கு, நல்ல நாளில் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். இதில் குற்றமில்லை, குழுவே அதற்குத்தான். ஆளுக்கு ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ முன்னால் போய்க் காற்றை வாங்கிவிட்டு, ஒதுங்கி, கடைசிக்குப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். 'புல்' கொடுப்பது என்பார்கள். நான் புல் கொடுப்பதில்லை.

அதற்கு நான் வைத்திருக்கும் உத்திகள் ஏராளம். என் முறை நெருங்கும்போது தண்ணீர் பாட்டிலை எடுப்பேன். ஒரு கையால் ஓட்டுகிறவனை யாரும் முன்னால் தள்ள மாட்டார்கள். கியர் சரியாக விழவில்லை என்பதுபோல் குனிந்து பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிரம்மாஸ்திரம்: "நேத்து மூணு கிலோமீட்டர் நீச்சல் ப்ரோ, இன்னிக்கு இறங்கினதும் ஓடணும்." வெறும் சைக்கிள்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையாத்லான் எனக்கு விளையாட்டாக இருந்ததைவிட மருத்துவச் சான்றிதழாக இருந்த நாட்கள் அதிகம். சொல்லப்போனால் முந்தின நாள் நீச்சலே போயிருக்க மாட்டேன்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: ஓசி. கம்பெனி ஆட்சியில் தபால் செலவில்லாத உறைமேல் குத்திய 'ஆன் கம்பெனி சர்வீஸ்' முத்திரையிலிருந்து வந்த சொல் என்பார்கள். ஓசிப் பேப்பர், ஓசிக் காப்பி, ஓசி பஸ். நான் ஓட்டியது ஓசி வேகம்.

பறவைகள்கூட இதைச் செய்வதில்லை என்று படித்தபோது கொஞ்சம் சுருக்கென்றது. வேடந்தாங்கலில் நாம் பார்க்கும் அரிவாள்மூக்கனுக்கு ஐரோப்பாவில் ஓர் உறவினர் உண்டு, வழுக்கைத் தலைக்காரர். அந்தப் பறவைகளின் முதுகில் கருவி கட்டி, கூட்டமாகப் பறக்கும்போது யார் யாருக்குப் பின்னால் எவ்வளவு நேரம் என்று அளந்திருக்கிறார்கள். முடிவு 2015-ல் வெளியானது. ஒவ்வொன்றும் பிறர் சிறகடிப்பில் சுகம் காணும் நேரத்துக்குச் சமமாகத் தானும் முன்னால் போய்க் காற்றை வாங்குகிறது. ஓசிப் பறவை என்று ஒன்றைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. ஒரு வேளை அதற்கும் இறங்கினதும் ஓட வேண்டியிருந்திருந்தால் கதை மாறியிருக்குமோ என்னவோ.

ட்ரையாத்லானில் என்னைப் போன்ற அமெச்சூர்களுக்கு இந்த ஓசி தடை. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸிலிருந்து வீரர்கள் கூட்டமாக ஓட்டுவதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள், அது அவர்களுக்கு. அயர்ன்மேன் வகைப் போட்டிகளில் முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். நெருங்கினால் மோட்டார் சைக்கிளில் வரும் நடுவர் அட்டையைக் காட்டுவார், கூடாரத்தில் போய்ச் சும்மா நிற்க வேண்டும். 2023 அக்டோபரில் கோவாவின் மிராமர் கடற்கரையில் 1.9 கிலோமீட்டர் நீந்தி ஏறி, 90 கிலோமீட்டருக்குச் சைக்கிளில் உட்கார்ந்தேன். ஈ.சி.ஆரில் நான் 38. ஆகையால் கோவாவில் குறைந்தது 34 என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லி வைத்திருந்தேன். முதல் அரை மணியிலேயே முன்னால் ஒரு முதுகும் இல்லாத சாலை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. 3 மணி 6 நிமிடம் ஆயிற்று. மணிக்கு 29. அதன் பிறகு ஓட வேண்டிய 21 கிலோமீட்டரில் பாதியை நடந்தேன். ஊருக்கு வந்து "கோவாவில் செம காத்து" என்றேன். காற்று எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் அடித்தது.

இதுவரை சொன்னது வெட்கம். ஒப்புக்கொள்ள வந்தது வேறு.

எங்கள் குழுவில் ஒருவர், ஐம்பத்தெட்டு வயது, வங்கியில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். எல்லாரையும் தம்பி என்பார். நாங்கள் சார் என்போம். எனக்கு டயர் கழற்றி டியூப் மாற்றக் கற்றுக்கொடுத்தவர் அவர். நீளமாகப் புல் கொடுப்பார், முகம் சுளிக்க மாட்டார். ஒரு மார்கழி ஞாயிறு. அதற்கு இரண்டு வாரம் முன்பு கானத்தூரில் என் டியூப் வெடித்தபோது தன் உபரி டியூபை எடுத்துக் கொடுத்திருந்தார். வாங்கித் திருப்பித் தருவதாகச் சொன்னேன். தரவில்லை, மறந்தும் போகவில்லை, நாளைக்கு நாளைக்கு என்று விட்டேன்.

அன்று போகும்போது வாடைக்காற்று முதுகில் தள்ளியது, மாமல்லபுரம் வரை பறந்தோம். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில். வடநெம்மேலி முதலைப் பண்ணை தாண்டும் வரை சார்தான் முன்னால். ஒதுங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிக்குப் போனார். அவருக்கு முன்னால், கடைசிக்கு முந்தின ஆள் நான். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, பின்னால் உஸ்ஸென்று சத்தம், அவர் குரல்: "பங்க்சர்!"

கடைசி ஆள் சொன்னால் அதை முன்னால் கடத்த வேண்டியது அவருக்கு முன்னால் இருப்பவன். குழியைக்கூட அப்படித்தான் கடத்துகிறோம். ஒரே சொல். என் வாயில் வந்தது, நிறுத்திக்கொண்டேன். நித்யகல்யாணப் பெருமாள் கோயில் இருக்கும் திருவிடந்தை வரப்போகிறது. அங்கிருந்து வேகம் கூடும், கோவளம் தாண்டினால் முட்டுக்காடு பாலத்துக்கு ஓட்டப் பந்தயம். அன்று காலையிலிருந்து ஒரு நிமிடம்கூட முன்னால் போகாமல் கால்களைச் சேமித்து வைத்திருந்தது அதற்காகத்தான். நின்றால் எல்லாம் போச்சு. முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகுப் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. யார் என்று எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

பாலத்தில் நான்தான் முதல். கையைக்கூடத் தூக்கினேன்.

டீக்கடையில் எண்ணிப் பார்த்து "சார் எங்க?" என்றார்கள். "பின்னாடிதானே இருந்தார், கவனிக்கலையே" என்றேன். போனை எடுத்து, இரண்டு தவறிய அழைப்புகளைக் கண்டு ஆச்சரியப்பட்டதுபோல் நடித்துத் திருப்பிக் கூப்பிட்டேன். டயரோரமாக டியூப் கிழிந்துவிட்டதாம், பேட்ச் நிற்கவில்லை, உபரி கையில் இல்லை. காலை ஆறரைக்கு ஈ.சி.ஆர். பங்க்சர் கடைகளில் எங்கள் ஒல்லி டயருக்கு எதுவும் கிடைக்காது. ஐம்பது நிமிடம் கழித்து, மீன் ஏற்றிவந்த ஒரு டாட்டா ஏஸின் பின்னால், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சைக்கிளை அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். உடம்பெல்லாம் மீன் நாற்றம், முகமெல்லாம் சிரிப்பு. "போன் சைலன்ட்ல இருந்துச்சு சார்" என்றேன். "அதனால என்ன தம்பி, டீ சொல்லுங்க" என்றார்.

அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே போய் இரண்டு டியூப் வாங்கினேன். அடுத்த ஞாயிறு இரண்டையும் நீட்டியபோது, "நான் ஒண்ணுதானே கொடுத்தேன்?" என்று ஒன்றைத் திருப்பித் தந்தார். "இருக்கட்டும் சார்" என்று எவ்வளவோ சொல்லியும் வாங்கவில்லை.

அன்றும் வாடை அடித்தது. மாமல்லபுரத்தில் திரும்பியதும் இடம் பார்த்து அவர் பின்சக்கரத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். அகலமான முதுகு அவருக்கு.