நீலக் குவிமாட நகரில் சித்திரத் துப்பாக்கிகள்!

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத் தலைநகரம் ஹார்ட்ஃபோர்டு. நெடுஞ்சாலை வழியாக நகருக்குள் நுழைபவர்களின் கண்ணை முதலில் இழுப்பது, தங்க நட்சத்திரங்கள் மின்னும் ஒரு நீலக் குவிமாடம். வெங்காய வடிவம், உச்சியில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைக்குட்டி. அரண்மனையோ, வழிபாட்டுத் தலமோ என்று நினைக்கத் தோன்றும். ஆனால், அது துப்பாக்கித் தொழிற்சாலை!

அதைக் கட்டியவர் சாமுவேல் கோல்ட். 'கோல்ட்' என்றால் ஆங்கிலத்தில் குதிரைக்குட்டி, பெயரையே சின்னமாக்கிவிட்டார். 1836-ல் தன் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியபோது அவருக்கு வயது 21. நியூஜெர்சியில் தொடங்கிய முதல் தொழிற்சாலை நொடித்துப்போனது. பிறகு சொந்த ஊரான ஹார்ட்ஃபோர்டுக்கே திரும்பி, 1855-ல் கனெக்டிகட் நதிக்கரையில் பிரமாண்டமான ஆலையை எழுப்பினார். மேற்கு எல்லைப்புறத்தின் ஷெரீஃப்களும் கொள்ளைக்காரர்களும் இடுப்பில் சொருகிய ரிவால்வர்களில் ஏராளமானவை பிறந்தது இங்கேதான்.

சாதாரணத் துப்பாக்கிகளோடு, பரிசளிப்பதற்கென்றே சித்திர வேலைப்பாடு செய்தவையும் தயாராகின. பிரஷ்யாவிலிருந்து வந்த குஸ்டாவ் யங் என்ற கைவினைஞர், உளியால் எஃகின் மேல் கொடிகளும் இலைகளுமாகச் செதுக்கித் தங்கம் பதித்தார். ரஷ்யாவின் ஜார் மன்னர் முதலாம் நிக்கோலஸுக்கு 1854-ல் கோல்ட் பரிசளித்தது இப்படிப்பட்ட தங்க வேலைப்பாட்டு ரிவால்வர்களைத்தான். யங்கிற்குப் பின் வந்த கூனோ ஹெல்ஃப்ரிக்ட், 1871 முதல் 1921 வரை அரை நூற்றாண்டு இதே வேலையைச் செய்தார்.

உருட்டியதா, செதுக்கியதா?

பழைய ரிவால்வர் சேகரிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் கற்கும் பாடம் ஒன்று உண்டு. குண்டுகள் இருக்கும் உருளையில் ஒரு காட்சி தெரிந்தால், அது கைவேலை என்று ஏமாறக் கூடாது. கரன்சி நோட்டுகளுக்கு அச்சு செதுக்கிய வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி உருவாக்கிய அச்சை வைத்து, அந்தக் காட்சிகளை இயந்திரத்தில் உருட்டிப் பதித்தார்கள். 1851-ம் ஆண்டு 'நேவி' மாடலில் இருப்பது, 1843-ல் டெக்சாஸ் கப்பல்கள் மெக்சிகோவோடு மோதிய கடற்போர். பெரிய 'டிராகூன்' மாடலில் இருப்பது, டெக்சாஸ் ரேஞ்சர்கள் கோமான்சி பழங்குடியினரோடு போரிடும் காட்சி.

இங்கேதான் மனசு சற்று உறுத்தும். அழகாகப் பதிந்த அந்தச் சித்திரம், ஒரு இனம் தன் நிலத்தை இழந்த கதை. அதுவும் வென்றவர்கள் வரைந்தது. அந்தச் சித்திரம் எவ்வளவு தேயாமல் இருக்கிறதோ, சந்தையில் அந்த அளவுக்கு மதிப்பு!

கைவேலைப்பாடு இருந்தால் விலை பல மடங்கு ஏறும். அதனால் போலிகளும் ஏராளம். வெறுமையான பழைய துப்பாக்கியை வாங்கி, அதில் புதிதாகப் பூவேலை செய்து விற்பவர்கள் உண்டு. விளிம்புகளெல்லாம் தேய்ந்திருக்க, செதுக்கிய கோடுகள் மட்டும் கூர்மையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பாகங்களில் உள்ள வரிசை எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அந்த எண்ணை வைத்து, ஆலையின் பழைய பதிவேடுகளில் வேலைப்பாடு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று விசாரிப்பவர்களும் உண்டு. நியூயார்க்கின் நிம்ஷ்கி என்ற கைவினைஞர், தான் செதுக்கியவற்றைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார். அந்த ஒற்றுப்படிகள் இன்று அசலைக் கண்டறிய உதவுகின்றன.

இன்னொரு எச்சரிக்கை: துருவைப் பார்த்துப் பதறி, பாலிஷ் போட்டுவிடக் கூடாது. பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும்.

வேலைப்பாடு மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. 1881-ல் 'பில்லி த கிட்' என்ற கொள்ளைக்காரனை ஷெரீஃப் பேட் கேரட் சுட்டுக்கொன்ற கோல்ட் ரிவால்வர், 2021-ல் நடந்த ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதில் பூவேலை எதுவும் கிடையாது!

எலிசபெத் விட்டுச்சென்றது

சேகரிக்க வசதியில்லாதவர்கள் ஹார்ட்ஃபோர்டிலேயே கண்குளிரப் பார்க்கலாம். 1862-ல், 47 வயதில் கோல்ட் காலமானார். இரண்டே ஆண்டுகளில் ஆலை தீக்கிரையானது. மனைவி எலிசபெத் கலங்கி உட்கார்ந்துவிடவில்லை. நீலக் குவிமாடம் உட்பட மீண்டும் கட்டியெழுப்பினார். 1905-ல் அவர் மறைந்தபோது, கணவரின் துப்பாக்கித் தொகுப்பும் ஓவியங்களும் அவர் உயிலின்படி வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்கு எதிரே உள்ள கனெக்டிகட் வரலாற்று அருங்காட்சியகத்திலும் கோல்ட் தொகுப்பு இருக்கிறது. ஆலைப் பகுதியைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்க 2014-ல் சட்டம் நிறைவேறியது.

புறப்படும் முன் பார்க்க வேண்டிய இடம், அருகிலுள்ள நல்மேய்ப்பர் தேவாலயம். கணவரையும், சின்ன வயதிலேயே பறிகொடுத்த பிள்ளைகளையும் நினைத்து எலிசபெத் கட்டியது. ஆலைத் தொழிலாளிகளுக்காக அமைத்த வாசலில் சற்று நின்று பார்த்தால், கல்லில் சிலுவைகளுக்கு நடுவே ரிவால்வரின் பாகங்கள் செதுக்கப்பட்டிருப்பது தெரியும். அந்த ஊருக்குச் சோறு போட்டதும் அதுதான். எங்கோ தொலைவில் உயிர்களை எடுத்ததும் அதுதான்.