ரெட்டிபாளையத்தில் ஒரு கோடை

சித்திரை பிறந்துவிட்டால் நம்மவர்களுக்கு உதகையின் ஞாபகமும் கொடைக்கானலின் ஞாபகமும் வந்துவிடும். வசதியுள்ளவர்கள் மூட்டை கட்டுவார்கள். இல்லாதவர்கள் மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரங்களை எண்ணுவார்கள். நாமோ இரண்டு கட்சியிலும் சேராமல், அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருக்கும் சமயம் பார்த்து, அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்துக்குப் பிரயாணமானோம். சேதியைக் கேட்ட நண்பர்கள், "உடம்பு சரியாகத்தானே இருக்கிறது?" என்று விசாரித்தார்கள்.

காரணம் இதுதான். நமது பழைய சிநேகிதர் ஒருவர் அங்கே குடியிருக்கிறார். அவருக்குக் குழந்தைகள் மூவர். மூவரும் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்ததில்லை. தாயும் தகப்பனும் அப்பாயியும் கொல்லையும் முந்திரிக் காடுமே அவர்களுக்கு உபாத்தியாயர்கள். "பள்ளிக்கூடமே போகாத குழந்தைகளுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று உண்டா?" என்று ஒருமுறை கேட்டிருந்தோம். "வந்து பாருங்கள்" என்று அவர் எழுதினார். போய்ப் பார்த்தோம்.

திருச்சியிலிருந்து வரும் ரயில் கல்லகத்தைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் ஏறும்போது வயதானவர்கள் சிலர் இன்றும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். 1956-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி வெள்ளத்தில் அங்கே ரயில் கவிழ்ந்ததையும், அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியைத் துறந்ததையும் அவர்கள் மறக்கவில்லை. கோடையில் அந்த ஆற்றைப் பார்த்தால், இதுவா அது என்று தோன்றுகிறது. மணலும் முட்புதருமாகக் கிடக்கிறது.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், வி. கைகாட்டிக்கு அருகே இருக்கிறது ரெட்டிபாளையம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டேயிருக்கும். சிமெண்டு ஆலையின் உயர்ந்த புகைபோக்கி வெகுதூரத்திலிருந்தே வழிகாட்டும். இந்தச் சாலையையும் ஆலையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், இங்கே தோட்டமாவது காடாவது என்று சொல்லிவிடுவார். சாலையை விட்டு ஒரு மண் பாதையில் திரும்பிக் கால் மணி நேரம் நடந்தால்தான் சங்கதி விளங்குகிறது. பாதையின் முடிவில் ஓட்டு வீடு, அதன் பின்னே கொல்லை, கொல்லைக்கு அப்பால் முந்திரிக் காடு.

காடு என்றதும் தேக்கையும் சந்தனத்தையும் நேயர்கள் எண்ணிக்கொள்ள வேண்டாம். முந்திரி மரம் உயரத்தில் ஆசை இல்லாதது. தரையைத் தொட்டாற்போல் கிளைகளைப் பரப்பி, தனக்குக் கீழே ஒரு நிழல் வீட்டைக் கட்டிக்கொள்கிறது. வெளியே வெயில் கொதிக்கும்போது உள்ளே குனிந்து நுழைந்தால், காய்ந்த சருகு மெத்தையும் பழத்தின் புளித்த வாசனையுமாக வேறோர் உலகம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேஸிலிலிருந்து கொண்டுவந்த மரம் இது. இன்று அரியலூர்ச் சீமையின் செம்மண்ணில், இங்கேயே முளைத்து இங்கேயே வளர்ந்த பாவனையில் நிற்கிறது. மயிலும் கீரியும் முயலும் இதை முழுமனத்தோடு சுதேசியாக ஏற்றுக்கொண்டுவிட்டன.

விடியுமுன் ஐந்து மணிக்கு அந்த வீட்டில் நாள் தொடங்குகிறது. குழந்தைகள் கூடையோடு காட்டுக்குள் போய், இரவில் உதிர்ந்த முந்திரிப் பழங்களைப் பொறுக்குகிறார்கள். கொட்டையைத் திருகிக் கழற்றுவது பெண்ணின் வேலை. அவளுக்குப் பதினொரு வயது. மூத்தவன் எடை போடுகிறான், அவனுக்குப் பதினைந்து. ஆறு வயதுக் கடைக்குட்டிக்கு, உப்புத் தொட்டுக்கொண்டு பழத்தைத் தின்னுவதே பிரதான உத்தியோகம். தொண்டை கரகரக்கும் என்று அப்பாயி எச்சரிப்பதை அவன் பொருட்படுத்துவதில்லை. எடைக் கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறுகிறது. 80 கிலோ சேர்ந்தால் ஒரு மூட்டை; மூட்டை விலையில் கூலி போக மிச்சம் எவ்வளவு, சென்ற வருஷத்தைவிட எத்தனை சதவிகிதம் குறைவு என்பதெல்லாம் பெண்ணின் கணக்குப் பாடம். அவள் போட்ட கணக்கில் தகப்பனார் ஒரு நாள் தப்புக் கண்டுபிடித்தார். மறுபடி போட்டுப் பார்த்ததில் தப்பு வியாபாரியின் சீட்டில் இருந்தது.

எட்டு மணிக்கு மேல் புஸ்தகம். பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரையில் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்பது அப்பாயியின் சட்டம். அந்த வேளையில் திண்ணையில் புளி கொட்டை நீக்குவார்கள். மொட்டை மாடியில் காயும் வடாத்துக்குக் காகக் காவல் முறை வைத்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் உரக்க வாசிப்பார். மாலையில் செடிகளுக்குத் தண்ணீர். பனைமரத்திலிருந்து நுங்கு இறங்கும் நாளில் மட்டும் எல்லா அட்டவணையும் ரத்து. இரவில் முற்றத்தில் துளைபோட்ட தகரத்தை அடுப்பின்மேல் வைத்து முந்திரிக்கொட்டை சுடுவார்கள். கொட்டையின் தோலிலுள்ள எண்ணெய் தீப்பிடித்துச் சீறும். உடம்பில் பட்டால் புண்ணாகிவிடும். ஆகையால் மூத்தவனைத் தவிர மற்றவர்கள் பத்தடி தள்ளி உட்கார வேண்டும். அந்தப் பத்தடியைக் கடைக்குட்டி ஒவ்வொரு நாளும் ஒன்பதாக்கப் பார்ப்பான்.

இவ்வளவும் வேடிக்கையாக இருக்கிறதே, படிப்பு எங்கே என்று கேட்கலாம். அதற்குக் கிணற்றடிக்குப் போக வேண்டும். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிகிறது. பருப்புக்கென்று மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருக்கிறார்கள். "ஏன் இப்படி?" என்று சில வருஷங்களுக்கு முன் பையன் கேட்டானாம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் புறப்பட்டதுதான் அவனுடைய படிப்பு, இன்னும் முடியவில்லை.

கிணற்றை ஆழப்படுத்தியபோது வந்த கல்லை வீட்டோரம் கொட்டியிருந்தார்கள். அதில் உள்ளங்கையளவு சிப்பிகள், கனமாக, வளைந்து, கல்லாய்ச் சமைந்து கிடந்தன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் அலையடித்தது. அதில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் குவிந்து குவிந்து சுண்ணாம்புப் பாறையாயின. பக்கத்திலுள்ள கல்லங்குறிச்சியின் பெயரையே பூகர்ப்ப சாஸ்திரிகள் அந்தப் பாறை அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள். கலியுக வரதராசப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதே பாறைதான் லாரியில் ஏறி, சூளையில் வெந்து, சிமெண்டாகி, நாம் குடியிருக்கும் வீடுகளாக நிற்கிறது. அதே பாறைதான் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து பருப்பை வேகவிடாமல் தடுக்கிறது. பையன் ஒரு சிப்பித் துண்டைப் பொடித்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, நுரை பொங்குவதை நமக்குக் காட்டினான். "பார்த்தீர்களா மாமா, கடல்!" என்றான்.

இந்தப் பிரதேசத்துப் பாறைகளை ஆராய்ந்து எச். எப். பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர் 1862-இல் அறிக்கை வெளியிட்டார். இங்கே கிடைத்த கல்லுருச் சிப்பிகளையும் நத்தைகளையும் வருணித்து எழுதியவர் பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, மொரேவியாவில் பிறந்தவர். அவர் 1874-இல், யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில், லடாக் மலைகளில் மாண்டார். 1940-இல் நம் நாட்டவரான எம். எஸ். கிருஷ்ணன், சாத்தனூரில் கல்லாகிப் போன 18 மீட்டர் நீளமுள்ள அடிமரத்தைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். அம்மரத்தையும், வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்தையும் குழந்தைகள் தங்கள் சொந்த ஆஸ்திபோல் நமக்குக் காட்டினார்கள். கல்லமேட்டில் 1980-களில் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்த ராட்சதப் பல்லியின் எலும்புகள் பிற்பாடு பொடிந்து அழிந்துவிட்டன என்பதில் பையனுக்கு ஆறாத துக்கம். சொந்தத் தாத்தாவின் சொத்தை யாரோ தொலைத்துவிட்டாற்போல் பேசுகிறான்.

குழந்தைகளை வீட்டில் வைத்துக்கொண்டால் சட்டம் சும்மா விடுமா? 2010 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. பரீட்சைக்கும் வழி இருக்கிறது. 1989-இல் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், 14 வயது நிரம்பியவர்களை வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத அனுமதிக்கிறது. நாம் போயிருந்த வாரத்தில்தான் பையன் கடைசிப் பரீட்சையை முடித்துவிட்டு வந்தான்.

இது ஏதோ புதுமோஸ்தர் என்று முகம் சுளிப்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. 1855-இல் பிறந்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, சங்கீத வித்துவானான அவன் தகப்பனார் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். அரியலூரில் சடகோபையங்காரிடம் கொஞ்சம். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் கொஞ்சம். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை. ஆசிரியரின் வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை. அந்தப் பிள்ளையே பிற்காலத்தில் சங்க நூல்களை ஏட்டுச் சுவடியிலிருந்து மீட்டுக் கொடுத்த மகாமகோபாத்தியாய சாமிநாதையர். 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'என் சரித்திர'த்தைப் படித்தவர்கள், இந்த ஊர்ப்பெயர்களை மறந்திருக்க மாட்டார்கள்.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. 1910-இல் ஜோஹானஸ்பர்க் அருகே 1,100 ஏக்கரில், ஏறக்குறைய ஆயிரம் பழமரங்களுக்கு நடுவே, காந்தியடிகளும் காலன்பாக்கும் டால்ஸ்டாய் பண்ணையை நடத்தினார்கள். சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்ற தமிழர்களின் குழந்தைகள் பலர் அங்கே இருந்தார்கள். காலையில் தோட்ட வேலை, பிற்பகலில் படிப்பு. தென்னாப்பிரிக்காவில் பிறந்து தமிழ் எழுத்து அறியாத அக்குழந்தைகளுக்குத் தமிழெழுத்துக் கற்றுக்கொடுத்தவர் காந்திதான்! போப்பையரின் புஸ்தகத்தைப் பார்த்துத் தாம் கற்றது கொஞ்சம் என்பதை அவர் மறைக்கவில்லை. உச்சரிப்பு எப்படி இருந்திருக்குமோ, அதை நாம் ஆராய வேண்டாம்.

ஆனால் அந்த வீட்டில் எல்லாம் சந்தோஷம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நாம் தங்கியிருந்த பத்து நாளும் இரண்டு சங்கதிகள் திண்ணையில் கனமாக உட்கார்ந்திருந்தன. ஒன்று, நிலம். தரகர் ஒருவர் இருமுறை வந்து, முந்திரிக் காட்டுக்கு நல்ல விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். எந்த உபயோகத்துக்கு என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் நிலத்துக்கு அடியில் இருப்பதைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. வருஷத்துக்கு வருஷம் விளைச்சல் ஏறி இறங்கும் முந்திரியைவிட அந்தப் பணம் நிச்சயமானது. நண்பருக்குக் கடனும் இருந்தது.

இரண்டாவது, பையன். பதினோராம் வகுப்புக்குத் தான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அவனே சொல்லிவிட்டான். "எலுமிச்சம்பழம் போதவில்லை, அம்மா. ஆய்வுக்கூடம் வேண்டும்" என்றான். அம்மாளுக்கு அது தூக்கிவாரிப் போட்டது. பதினைந்து வருஷம் தான் கட்டியதைப் பிள்ளை ஒரே வாக்கியத்தில் போதாது என்று சொல்லிவிட்டதாக அவள் நினைத்தாள். அப்பாயியோ, முதலிலிருந்தே பள்ளிக்கூடக் கட்சி. "நாலு பிள்ளைகளோட சண்டை போட்டு வளரணும், தம்பி. இங்கே இவன் யாரோட சண்டை போடுவான்? மயிலோடவா?" என்று நம்மிடம் முறையிட்டாள். நமக்கு அப்பாயியின் கட்சியில் பாதி நியாயம் இருப்பதாகவே பட்டது. அந்தக் குழந்தைகள் பெரியவர்களோடு சரளமாகப் பேசுகிறார்கள். தங்கள் வயதுப் பிள்ளை ஒருவன் வந்தால் கொஞ்சம் திகைத்து நிற்கிறார்கள். ஆனால் பள்ளிக்குப் போயிருந்தால் பருப்பு ஏன் வேகவில்லை என்று அவன் கேட்டிருப்பானா? கேட்டால்தான் யார் நின்று பதில் சொல்லியிருப்பார்கள்?

ஒருநாள் ராத்திரி முந்திரி சுடும் தீயைச் சுற்றிப் பேச்சு முற்றியது. அதுவரை வாயே திறக்காத பெண், "காட்டை விற்றுவிட்டால், அண்ணன் படித்துவிட்டு எங்கே வருவான்?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. தகரத்தில் கொட்டைகள் கருகிப் போயின.

ஆனி மாதக் கடைசியில் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. பையன் தேறிவிட்டான். அரியலூரில் பதினோராம் வகுப்பில் சேர்ந்து, தினம் பஸ்ஸில் போய் வருகிறான். முதல் வாரத்திலேயே ஒருவனோடு சண்டை போட்டுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்ததில் அப்பாயிக்கு மிகுந்த திருப்தி. நிலத்தில் சாலையோரத்து அரை ஏக்கரை மட்டும் உறவினர் ஒருவருக்குக் கொடுத்துக் கடனை அடைத்தார்கள், காட்டைத் தொடவில்லை. தரகர் அடுத்த வருஷம் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கிக் கிணற்று நீரை அளக்கும் வேலை இப்போது பெண்ணைச் சேர்ந்தது. அளவு பத்து முழத்துக்குக் கீழே போய்விட்டதாம். மழையை எதிர்பார்த்திருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் அவளே எழுதியிருந்தாள்.