குழியின் அளவும் மண்ணின் அளவும்

நெய்வேலி என்றதும் பலருக்கு மின்சாரம் நினைவுக்கு வரும். அந்நகரியத்தை அடுத்த மந்தாரக்குப்பத்தில் வளர்ந்த எனக்கோ மண்தான் நினைவுக்கு வருகிறது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பண்டித நேரு அவர்கள் அங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961இல்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் வெட்டியது மண்ணே, சுமந்ததும் மண்ணே. முதற் சுரங்கத்தில் ஒரு டன் நிலக்கரியைப் பெற ஏறத்தாழ ஐந்தரை கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும்.

என் அத்தா அச்சுரங்கத்தில் பணியாற்றியவர் அல்லர். கிணறு, குட்டை, வீட்டுக் கடைக்கால் ஆகியவற்றுக்கு மண் வெட்டித் தரும் மேஸ்திரி. பிறர் கூலி தம் கணக்கில் அடங்கியிருப்பதால், அளவு நாடாவை அவர் 'அமானிதம்' என்பார்.

அவர் மேஸ்திரியான புதிதில், ஒருவர் நிலத்தில் 40 அடி நீளம், 20 அடி அகலம், 5 அடி ஆழத்தில் குட்டை வெட்ட ஒப்புக்கொண்டார். பெருக்கினால் 4000 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்பது தொழில் வழக்கு. லாரி நடைக்கு ஒரு யூனிட் என்று கொண்டு, நாற்பது நடைக்கு வாடகை எழுதிக் கொடுத்தார். நாற்பது நடை முடிந்த பின்னும் மண் மலைபோல் குவிந்திருந்தது. அனைத்தையும் அகற்ற ஐம்பது நடை ஆயிற்று. நிலத்துக்காரர் லாரிக்காரர்கள் பொய்க் கணக்குச் சொல்வதாகச் சினந்தார்.

அத்தா வாய் திறவாதிருந்தால் பழி அவ்வேழைகள் மேல் விழுந்திருக்கும். அவரோ அனைவர் முன்னிலையிலும் ஓரடி நீள, அகல, ஆழத்தில் ஒரு சிறு குழி வெட்டினார். அம்மண்ணை அதே அளவுள்ள மரப்பெட்டியில் கொட்டினார். பெட்டி நிறைந்த பின்னும் கால் பங்கு மண் வெளியே கிடந்தது. "குழியும் பொய் சொல்லவில்லை; லாரியும் பொய் சொல்லவில்லை. பிழை என் கணக்கில்தான்" என்றார். பத்து நடை வாடகையையும் தாமே கொடுத்தார். அவ்வாண்டுப் பெருநாளுக்கு எங்களுக்குப் புத்தாடை இல்லை.

இறுகிக் கிடக்கும் மண்ணை வெட்டும்போது கட்டிகளுக்கிடையே காற்று புகுந்து அது பெருகுகிறது. மணல் சிறிதே பெருகும். களிமண் கால் பங்கும் அதற்கு மேலும் பெருகும். ஆகவே வெட்டுக் கூலிக்குக் குழியையும், ஏற்றுக் கூலிக்குப் பெருகிய மண்ணையும் அளப்பதே நேர்மை.

பெருஞ்சுரங்கத்திற்கும் இவ்விதியே. ஐந்தரை கன மீட்டர் மண் ஐந்தில் ஒரு பங்கு பெருகினால் 6.6 கன மீட்டர் ஆகும். ஒரு டன் நிலக்கரி எடுத்த இடமோ ஒரு கன மீட்டருக்கும் குறைவு. நிலக்கரி போன பின்னும், அள்ளிய மண்ணே அப்பள்ளத்தை நிரப்பி மிஞ்சும்! நாளடைவில் படிந்து இறங்கும்போதுதான் இழப்பின் உண்மை அளவு தெரியும்.

அந்த மரப்பெட்டி இன்றும் என்னிடம் உள்ளது. நான் ஆசிரியனாகிப் பல்லாண்டுகள் ஆகின்றன. மாணவர் ஒருவர் தம் மதிப்பெண் குறைகிறது என்று வந்து நிற்கும்போது, அவரை ஐயுறுவதற்கு முன் என் கூட்டலை ஒருமுறை சரிபார்க்கிறேன். அத்தா எனக்கு விட்டுச் சென்ற சொத்து அதுவே.