வலி சொல்வதைக் கேட்போம்

வலியை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவது எங்கள் நெய்வேலிக்குப் புதிதல்ல. சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியான என் தந்தை, இடுப்புவலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டுதான் இரவு ஷிப்டுக்குப் புறப்படுவார். ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலி போய்விடும். ஆகவே, மாவட்டப் போட்டிக்கு முதல்நாள் முழங்கால் வீங்கி நின்ற தம்பிக்கும் அதே அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். அதில் கொடுமை இல்லை. அவருக்குத் தெரிந்த அன்பு அதுதான்.

தம்பி 400 மீட்டர் ஓடுகிறான். அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டென்று கேள்விப்பட்ட நாள்முதல், அவன் கால்களை நம்பியே எங்கள் குடும்பம் கனவு காண்கிறது. மற்றப் பையன்கள் புரதமாவு குடிக்கிறார்களாம் என்று கேட்ட அம்மா, சீட்டுப் பணத்தில் ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டார்.

விலங்கியல் மாணவனான எனக்கு அந்த மாத்திரை வேறுவிதமாகத் தெரிகிறது. டைக்ளோபெனாக் போன்றவை உடலில் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதைக் குறைக்கின்றன. வலி அடங்குகிறது, காயமோ அப்படியே இருக்கிறது. உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் காப்பதும் அதே புராஸ்டாகிளாண்டின்தான். வெயிலில் ஓடி வியர்த்தவனிடமிருந்து அந்தக் காவலையும் பறிக்கலாமா?

டப்பாவிலும் ஆபத்து உண்டு. லேபிளில் குறிப்பிடாத ஸ்டீராய்டு கலந்த ஊட்டப்பொருள்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பது ஊக்கமருந்துத் தடுப்பு விதி. அது எவ்வளவு கடுமையானது என்பதைத் திருச்சி மாவட்டத்துக் கோமதி மாரிமுத்துவின் வாழ்க்கை காட்டும். 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். பின்னர் சோதனையில் நான்ட்ரோலோன் தெரியவந்தது. தாம் தடைமருந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றார். ஆனாலும் பதக்கம் போயிற்று. 4 ஆண்டுகள் தடையும் வந்தது.

மருத்துவர் தம்பிக்கு மூன்று வாரம் ஓய்வு சொன்னார். "ஓடாவிட்டால் வேலைக்கு என்னடா வழி?" என்றார் அப்பா. "கால் இருந்தால் அடுத்த வருஷமும் போட்டி இருக்கும், அப்பா" என்றேன். அவர் பதில் பேசவில்லை; ஆனால் மறுநாள் கடையிலிருந்து வேர்க்கடலையும் முட்டையும் வாங்கி வந்தார்.

நண்பர்களே! பெற்றோரைக் குறைசொல்வது எளிது. மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய முதல் தலைமுறை நாம். அதை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுவோம்.