உளி பட்ட ஊரில் ஒரு மலைநடை

மலை ஏறுவது என்றாலே நம்மவர்களுக்கு குனோங் லேடாங்தான் நினைவுக்கு வரும். 1,276 மீட்டர் உயரம், ஜொகூரிலேயே உயர்ந்த மலை. இளவட்டங்கள் கூட்டமாகப் போய், இரண்டு நாள் கால் வலியோடு திரும்பி வருவார்கள். நான் உங்களைக் கூப்பிடுவது அங்கே அல்ல. பத்து பாகாட் பட்டணத்தை ஒட்டியே நிற்கும் புக்கிட் சோகா என்ற குன்றுக்குத்தான். விடியற்காலையில் ஏறி, வேறு வழியாக இறங்கி, பிற்பகலில் கடற்கரையையும் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு சேர்ந்துவிடலாம். ஏழு வயதுப் பிள்ளையும் வரலாம், எழுபதை நெருங்கும் பாட்டியும் வரலாம். எங்கள் வீட்டில் இருவருமே வந்தார்கள்.

பாட்டி என்றது என் அம்மாவை. முப்பத்திரண்டு வருடம் பால்மரம் வெட்டியவர். எங்கள் தோட்டம் முதலில் செம்பனைக்கு மாறியது. பிறகு அந்த நிலமும் வீடு கட்ட விற்கப்பட்டது. லயத்தைக் காலி செய்துவிட்டு நாங்கள் பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து அம்மா வாசற்படியைத் தாண்டுவதே அபூர்வமாகிவிட்டது. காலை நாலு மணிக்கு மட்டும் தவறாமல் விழித்துக்கொள்வார். விழித்து என்ன செய்வது? நாற்காலியில் உட்கார்ந்து விடியும்வரை காத்திருப்பார். சர்க்கரை ஏறிவிட்டது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். “காட்டுல நடந்தது போதாதா தம்பி?” என்றார் அம்மா. பேத்திகள் இருவரும் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்.

ஆறரை மணிக்கு அடிவாரத்தில் இருந்தோம். அந்த நேரத்திலேயே சீனத் தாத்தாக்கள் கைகளை வீசிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் போவதானால் வெயிலுக்கு முன்பே போய்விடுங்கள். ரப்பர் அடியுள்ள கேன்வாஸ் சப்பாத்து போதும். ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், ஒரு பொட்டலம் உப்பு. உப்பு எதற்கு என்று தோட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்த மறுநாள் அட்டை நம்மைத் தேடி வரும்.

படிகளில் ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில் அம்மா நின்றுவிட்டார். முழங்கால் வலியோ என்று பயந்தேன். அவரோ பாதையோரத்து மரம் ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டு மரங்களுக்கு நடுவே ஒரு கிழட்டுப் பால்மரம்! யார் எப்போது நட்டதோ தெரியாது. பட்டை முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கிக் கிடந்தது.

“பாத்தியா பாப்பா, இவன் உளியை ஆழமா போட்டிருக்கான். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல நூல் கனத்துக்கு ஒரு தோல் இருக்கும். அதுல உளி பட்டா மரம் காயம்பட்டு இப்படித்தான் முண்டு விடும். பட்டையை மெல்லிசா சீவினா கொஞ்ச வருசத்துல புதுப்பட்டை வந்திடும், மறுபடி வெட்டலாம்” என்றார். இடமிருந்து வலமாகச் சாய்த்து ஏன் வெட்ட வேண்டும், விடியுமுன் வெட்டினால் ஏன் பால் அதிகம் ஓடும், வெயில் ஏறினால் ஏன் நின்றுவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரியவளுக்குப் பதினோரு வயது. 1877இல் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பால்மரத்தைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. என் மேல்தான் தப்பு.

அதற்கப்புறம் அம்மாதான் முன்னால் நடந்தார். நிழல் அடர்ந்த இடம் தாண்டி மரம் விழுந்து வெயில் பட்ட சரிவு வந்தால், அங்கே ரெசாம் என்கிற பெரணி இடுப்பளவு பின்னிக் கிடக்கும். செண்டுடுக் செடி ஊதாப் பூவோடு நிற்கும். அதன் பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துப்போகும். சின்னவள் தின்று பார்த்து, நாக்கை நீட்டிக்கொண்டே மலை ஏறினாள். நோட்டுப் புத்தகத்தோடு வந்த நான் செடிகளின் பெயரை அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். குரங்குகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை: சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிடாதீர்கள். நாங்கள் ஒரு நாசி லெமாக்கை அப்படித்தான் இழந்தோம்.

மேலே போய்ப் பசியாறினோம். மரங்களின் இடைவெளியில் பட்டணம் தெரிந்தது. சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் என்ற இரண்டு ஆறுகள் ஒன்றாகி, பத்து பாகாட் ஆறாக வளைந்து மலாக்கா நீரிணைக்குப் போகின்றன. 1890களில் டத்தோ பெந்தாரா லுவார் முகமது சாலே பின் பெராங் இந்தப் பகுதியைத் திறந்தபோது பட்டணத்துக்கு பண்டார் பெங்காராம் என்று பெயர். உப்புக் காய்ச்சுபவர்களின் ஊர் என்று பொருள். தெற்கே பானாங் மலை கறுப்பாக நின்றது. அம்மாவின் கண் அங்கெல்லாம் போகவில்லை. யோங் பெங் பக்கம் கையை நீட்டி, “நம்ம தோட்டம் அந்தப் பக்கந்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெகு தூரம், ஒன்றும் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் பேசவில்லை.

ஏறிய வழியிலேயே இறங்க வேண்டியதில்லை. மறுபக்கமாக மெதுவாக இறங்கினோம். முழங்கால் வலிப்பவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். கையில் ஒரு கம்பு இருக்கட்டும். மதியம் வீட்டுக்குப் போய்ச் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு, மைத்துனரின் வேனில் மின்யாக் பெக்கு கிளம்பினோம். பானாங் மலையடிவாரத்தில், ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள மீனவக் கம்பம் அது. ஊருக்குப் பெயர் தந்த கிணறு அங்கேதான் இருக்கிறது. பத்து என்றால் பாறை, பாகாட் என்றால் உளி. பாறையைக் குடைந்த சிறிய கிணறு, அவ்வளவுதான். பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அதற்குப் பின்னால் இருக்கும் கதைதான் பெரிது. 1456 வாக்கில் சயாம் படை மலாக்காவைப் பிடிக்கக் கப்பல்களில் வந்தது. மலாக்காவின் துன் பேராக் இந்தக் கரையோரத்துச் சதுப்பு மரங்களில் எல்லாம் தீப்பந்தங்களைக் கட்டச் சொன்னாராம். இரவில் எண்ண முடியாத வெளிச்சத்தைக் கண்டு, பெரும்படை காத்திருக்கிறது என்று பயந்து சயாம்காரர்கள் திரும்பிப் போனார்கள் என்கிறது செஜாரா மெலாயு. அவர்கள் இங்கே தங்கியிருந்தபோது குடிநீருக்காகக் குடைந்ததே இந்தக் கிணறு என்பது ஊர்க்கதை. உண்மையோ பொய்யோ, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீருக்காகப் பாறையோடு மல்லுக்கட்டியவன் தாகத்தை நினைத்துப் பாருங்கள்.

அம்மா குனிந்து பாறையை நன்றாகப் பார்த்தார். “இதையும் உளியாலதான் வெட்டினானுங்களா?” என்றார். பால் வெட்டும் கத்திக்கும் தோட்டத்தில் உளி என்றுதானே பெயர். தம் உளியைத் தோட்டத்தை விட்டு வரும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டதாகவும், அதைக் கொண்டு வந்திருக்கலாம் என்றும் வேனில் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அது இதுவரை தெரியாது.

வீட்டில் சப்பாத்தைக் கழற்றியபோது சின்னவளின் கணுக்காலில் ஒரு அட்டை. அவள் போட்ட கூச்சலில் மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா உப்பைத் தடவி அதை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று கேட்டார். ஆறரை என்றேன். “அவ்வளவு லேட்டாவா?” என்றார்.