கரும்புகையும் பஞ்சும்: பழைய கார் குறிப்புகள்

திருப்பூரில் ஒரு பழைய கார் கருப்பாகப் புகை விட்டால், முதலில் காற்று வரும் வழியைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் வரும் வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அம்பாசடர், பத்மினி, கார்பரேட்டர் காலத்து மாருதி 800 எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

காரணம், இந்த ஊர்க் காற்றில் பஞ்சு இருக்கிறது. நிட்டிங் கொட்டகை, கட்டிங், ஓவர்லாக் என்று எங்கு நூல் ஓடினாலும் பஞ்சு பறக்கும். பனியன் கம்பெனி வாசலிலேயே நிற்கும் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால், மடிப்புகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கும். மண் தூசி தட்டினால் உதிர்ந்துவிடும். பஞ்சு அப்படி உதிராது, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். நகத்தால்தான் உரித்தெடுக்க வேண்டும். இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு ஃபில்டர் என்ற கணக்கை இங்கே நம்பக் கூடாது. ஓடாமல் ஐடிலிங்கில் நிற்கும் வண்டியும் பஞ்சை இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

சோதனை எளிது. தூசி இல்லாத சாலையில், ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம். புகை நின்று பிக்கப் திரும்பினால் குற்றவாளி ஃபில்டர்தான். ஃபில்டர் இல்லாமலே தொடர்ந்து ஓட்டுவது மட்டும் கூடாது. அந்தப் பஞ்சும் மண்ணும் நேராக சிலிண்டருக்குப் போகும்.

*

ஃபில்டர் அடைத்தால் எல்லா வண்டியும் ஒரே அளவுக்குப் புகைவதில்லையே, ஏன்? ஃப்ளோட் கிண்ணத்தின் காற்றுத் துளை எங்கே திறக்கிறது என்பதில் இருக்கிறது விடை. துளை ஃபில்டருக்கு வெளியே திறந்தால், கிண்ணத்துக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கும். அடைத்த ஃபில்டரால் கார்பரேட்டரின் தொண்டையில் மட்டும் அழுத்தம் குறையும். அந்த வித்தியாசம் பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளும். துளை ஃபில்டருக்கு உள்ளே, சுத்தமான காற்றுப் பக்கம் திறந்தால் இரண்டு இடத்திலும் அழுத்தம் சேர்ந்தே குறையும். பவர் போகும், புகை அவ்வளவாக வராது. கார்பரேட்டரைக் கையில் எடுக்கும்போது அந்தத் துளை எங்கே திறக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

*

“அடைப்பா இருக்குமுங்க, கழுவுனாச் சரியாயிரும்” என்று பட்டறையில் சொல்வார்கள். எந்தத் துளையில் அடைப்பு என்று கேட்க வேண்டும். பெட்ரோல் ஜெட் அடைத்தால் கலவை மெலியும்: வண்டி இடிக்கும், பின்னோக்கி வெடிக்கும், ப்ளக் வெளுக்கும். காற்று ஜெட் அடைத்தால் கலவை தடிக்கும். பத்மினியின் சோலெக்ஸ் கார்பரேட்டரில் மெயின் ஜெட்டுக்கு மேலே எமல்ஷன் ட்யூப், அதன் தலையில் காற்றுத் திருத்தும் ஜெட். வேகம் கூடக் கூடப் பெட்ரோலோடு காற்றைக் கலந்து அளவாக வைப்பது அதன் வேலை. அதில் ஒரு நார் சிக்கினால் போதும், பல்லடம் ரோட்டில் வேகம் பிடித்ததும் பின்னால் கருப்பாக வரும். ஐடிலிங் காற்றுத் துளையில் சிக்கினால் சிக்னலில் நிற்கும்போது நாற்றம் அடிக்கும், ஓட்டத்தில் தெரியாது. எப்போது புகைகிறது என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும்.

அந்த நார் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் துடைத்த துணியிலிருந்து. திருப்பூர் கட்டிங் வேஸ்ட் இல்லாத பட்டறையே இந்தப் பக்கம் கிடையாது. கை துடைக்க, ஆயில் துடைக்க அதைவிட நல்ல துணி இல்லை. ஆனால் கார்பரேட்டரின் உள்பக்கத்தை அதனால் துடைக்கவே கூடாது. வெட்டிய ஓரத்திலிருந்து இழை உதிரும், கிண்ணத்தின் அடியில் கிடக்கும், ஸ்டார்ட் செய்ததும் ஊசி வால்வின் இருக்கையில் போய் உட்காரும். ஊசி முழுதாக மூடாது, பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். சுத்தமான பெட்ரோலில் பிரஷ் போட்டுக் கழுவி, காற்று அடித்து, அப்படியே உலர விட வேண்டும். காற்று அடிக்கும் முன் ஃப்ளோட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். மூட்டிய கார்பரேட்டருக்குள் கம்ப்ரஸர் காற்றைப் பீய்ச்சினால் உள்ளே இருக்கும் பித்தளை ஃப்ளோட் நசுங்கிவிடும்.

*

ஜெட்டில் கம்பி விடக் கூடாது. தையல் மெஷின் ஊசி இந்த ஊரில் எங்கும் கிடைக்கிறது என்பதற்காக அதை ஜெட்டுக்குள் விட்டுக் குடைகிறார்கள். பித்தளை மெத்தென்ற உலோகம், ஊசி எஃகு.

கணக்கைப் பார்ப்போம். 120 என்று எண் போட்ட ஜெட்டின் துளை 1.20 மில்லிமீட்டர். அது 1.26 ஆனால் துளையின் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். கூடிய 0.06 மில்லிமீட்டர் ஒரு தலைமுடியின் தடிமன். கண்ணுக்குத் தெரியாது, மைலேஜில் தெரியும். அதன் பிறகு எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் அந்த வண்டி சரியாகாது. ஜெட்டைத்தான் மாற்ற வேண்டும்.

லேத்தில் கடைந்த ஜெட்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. துளை அளவு சரியாக இருந்தாலும் துளை வாயின் சரிவு மாறினால் பாயும் அளவு மாறும். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே பஸ்ஸை வைத்துத் தொடங்கிய கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவின் பகுதி இது. எதையும் இங்கேயே செய்துகொள்ளலாம் என்ற துணிவு நம்மவர்களுக்கு உண்டு, அது பெருமைதான். ஜெட் விஷயத்தில் மட்டும் அந்தத் துணிவு வேண்டாம். பழைய கம்பெனி ஜெட் எங்கே கிடைத்தாலும் எண்ணைப் பார்த்து வாங்கி வையுங்கள்.

*

மிக்சர் ஸ்க்ரூ. டூவீலரில் கை பழகிய பையன் காருக்கு வந்தால் இங்கேதான் தடுமாறுகிறான். பல பைக் கார்பரேட்டர்களில் இருப்பது ஏர் ஸ்க்ரூ, ஃபில்டர் பக்கம் இருக்கும். உள்ளே முறுக்கினால் காற்று குறையும், கலவை தடிக்கும். பத்மினியின் சோலெக்ஸில் இருப்பது த்ராட்டில் தகட்டுக்குக் கீழே, இன்ஜின் பக்கம். அது கலவையையே அளப்பது. உள்ளே முறுக்கினால் மெலியும். அப்படியே தலைகீழ். “அண்ணா, உள்ள திருப்பத் திருப்ப ஆஃப் ஆகுதுண்ணா” என்று அவன் சொன்னால், அது சோலெக்ஸ் சரியாக வேலை செய்வதற்கான அடையாளம்.

இன்னொன்று, இந்த ஸ்க்ரூ ஐடிலிங்குக்கு மட்டும்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் புகைக்கு இதைத் திருப்பிப் பயனில்லை.

*

புகைச் சான்றிதழ் எடுக்கும்போது தரும் தாளை மடித்து டேஷ்போர்டில் போட்டுவிடுகிறோம். அது ஒரு நல்ல மருத்துவ ரிப்போர்ட். அதில் இரண்டு எண்கள் முக்கியம். சி.ஓ. என்ற கார்பன் மோனாக்சைடு கூடுதலாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று போதவில்லை. சி.ஓ. குறைவாக, எச்.சி. என்ற எரியாத பெட்ரோல் மட்டும் கூடுதலாக இருந்தால் மிஸ் அடிக்கிறது. முதலில் பாயிண்ட், ப்ளக், கண்டென்சர், ஒயர் பக்கம் போக வேண்டும், அதற்கு முன் கார்பரேட்டரைத் தொடக் கூடாது. பழைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் சி.ஓ. 3 சதவீதம் வரை விதி அனுமதிக்கிறது. நாற்றம் அடிப்பதெல்லாம் ரிச், அதாவது தடித்த கலவை, அல்ல. ஸ்பார்க் பலவீனமாக இருந்தாலும் பெட்ரோல் நாற்றம் வரும், ப்ளக் நனைந்திருக்கும். ரிச்சில் ப்ளக் உலர்ந்த கரியாக, விரலில் ஒட்டும் மை மாதிரி இருக்கும்.

*

ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் தெரியும். பித்தளை ஃப்ளோட்டுக்குப் பற்று வைக்க நமக்கு வெளியூர் போக வேண்டியதில்லை, அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில் பித்தளை அறிந்த கைகள் இருக்கின்றன. இரண்டு எச்சரிக்கை. உள்ளே புகுந்த பெட்ரோலை முழுதும் வடித்து, ஆவி போகும்வரை காய வைக்காமல் நெருப்பருகே கொண்டுபோகக் கூடாது, வெடிக்கும். பற்று மெல்லியதாக இருக்க வேண்டும். எடை கூடிய ஃப்ளோட் ஆழமாக மிதக்கும், ஊசி தாமதமாக மூடும், கிண்ணத்தில் மட்டம் உயரும், மறுபடி அதே புகைதான் வரும்.

அம்பாசடரில் கார்பரேட்டருக்குக் கீழேயே சைலன்சர் மானிஃபோல்ட் இருக்கிறது. வழியும் பெட்ரோல் சொட்டும் இடம் அது. “ஓவர் ஃப்ளோதானுங்களே, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாமுங்க” என்று தள்ளிப்போடுகிற வேலை இல்லை இது. வண்டியை அன்றே நிறுத்த வேண்டும்.

*

எஸ்.யு. கார்பரேட்டர் பொருத்திய அம்பாசடரில் சோக்கை இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கும். விட்டதும் முழுதாக மேலே ஏறியதா என்று கையால் தள்ளிப் பார்க்க வேண்டும், பல வண்டிகளில் அது பாதி வழியில் நிற்கிறது. ஐடிலிங்கில் கார்பரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தும்போது, வேகம் கூடி அப்படியே நீடித்தால் ரிச், தடுமாறி அணைந்தால் மெலிவு. பழைய பத்மினி சோலெக்ஸில் சோக் என்பது மூடித் தகடு அல்ல. பக்கவாட்டில் தனி வட்டத் தகடு, அதற்கெனத் தனிப் பெட்ரோல் வழி. தகடு தேய்ந்தால் நாப்பை உள்ளே தள்ளிய பிறகும் அந்த வழி கசியும். கேபிள் சரியாக இருக்கிறது என்று சொல்லி அதை விட்டுவிடக் கூடாது.

வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றிவிடுகிறார்கள். இன்ஜின் சூடேற நேரமாகும், அதுவரை பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ப்ளக் கரி பிடிக்கும். திருப்பி மாட்டிவிடுங்கள்.

*

ஊட்டி. திருப்பூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலை அதே அளவுக்கு அருகில் கொடுத்துக்கொண்டிருக்கும். கலவை சுமார் பத்தில் ஒரு பங்கு தடிக்கும். குன்னூர் தாண்டியதும் பவர் குறைந்து, லேசாகக் கருத்தால் அது பழுதல்ல. அங்கே நிறுத்தி ட்யூன் செய்தால், இறங்கி மேட்டுப்பாளையம் வந்ததும் கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும்.

*

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து எல்லாப் புகைக்கும் அதையே காரணம் சொல்கிறார்கள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. வெறும் பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். ஆகவே பழைய ஜெட்டோடு ஓடும் வண்டி மெலியத்தான் வேண்டும், தடிக்கக் கூடாது. மெலியாமல் புகைந்தால் வேறு காரணம் உண்டு: எத்தனால் டேங்கின் பழைய படிவைக் கரைத்து ஊசி வால்வுக்குக் கொண்டுவந்திருக்கும், அல்லது ஊசி நுனியின் பழைய ரப்பர் ஊதியிருக்கும். டேங்கைக் கழுவி, பெட்ரோல் ஃபில்டரை மாற்றி, ஊசியையும் இருக்கையையும் சேர்த்து மாற்றினால் பெரும்பாலும் முடிந்துவிடும். பெட்ரோல் டியூப்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவது கட்டாயம்.

*

எல்லாம் சரியானதும் ஒரு வேலை பாக்கி இருக்கும், பலர் விட்டுவிடுகிறார்கள். டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தால், ஆயில் மட்டம் ஊற்றியதைவிட ஏறியிருந்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிட்டு வண்டியை எடுங்கள்.