ஓரிரவு நிலாப்பெண்

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலை முதலாண்டு மாணவியர்க்கு நடத்திக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கும் மழைக்கும் முன்னதாக இளங்கோவடிகள் திங்களைப் போற்றுவதைச் சொல்லி, அங்கிருந்து உமறுப்புலவரின் சீறாப்புராணத்திலுள்ள மதியை அழைப்பித்த படலத்துக்கு வகுப்பை அழைத்துச் செல்வது என் வழக்கம். அன்று முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, நீங்கள் நிலாச்சோறு உண்டதுண்டா?" என்று வினவினாள். "உண்டது மட்டுமன்று, ஓரிரவு நிலாப்பெண்ணாகவே இருந்திருக்கிறேன்" என்றேன். வகுப்பு முழுதும் வியப்பில் ஆழ்ந்தது, பின்னர் சிரித்தது. அன்று அவர்களிடம் நான் கூறியது பாதிக் கதைதான். மறுபாதியையும் சேர்த்து இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

கொங்கு நாட்டில் தைப்பூசத்தை ஒட்டிய இரவுகளில் பெண்களும் சிறுமியரும் தத்தம் வீட்டு உணவை முச்சந்திக்கு எடுத்துவந்து, நிலவொளியில் கும்மியடித்து, ஒருவர் உணவை மற்றவர் மாற்றி உண்பர். இதனையே நிலாச்சோறு என்கிறோம். திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரை அடுத்த தேவிநாயக்கன்பட்டியில், தை முழுநிலவன்று ஒரு சிறுமியைத் தேர்ந்தெடுத்து, ஆவாரம்பூச் சூட்டி நிலாப்பெண்ணாக அமர்த்தும் வழக்கம் இன்றும் உண்டு. திருப்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவிலும் அதன் சிறிய சாயல் ஒன்று இருந்தது. ஏழு இரவுகள் சோறு மாற்றுவர். ஏழு நாளும் தவறாது உணவு கொண்டுவந்த சிறுமியே எட்டாம் நாள் நிலாப்பெண். கூடிய உணவையெல்லாம் அவள் கையால்தான் தெருவுக்குப் பரிமாற வேண்டும். அனைவரும் உண்டபின் அவள் உண்பாள்.

1994ஆம் ஆண்டு சனவரியில் தைப்பூசமும் நம் பராஅத் இரவும் ஒரே வாரத்தில் வந்தன. எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கலாம். அத்தா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அந்தத் தெருவில் எங்களுடையது ஒன்றே முஸ்லிம் வீடு. எங்கள் நன்னி தினமும் ஒரு தூக்கில் ஏதேனும் கொடுத்தனுப்புவார்: ஒருநாள் தேங்காய்ச்சோறு, ஒருநாள் சுண்டல், பராஅத்துக்காகச் சுட்ட அரிசிமாவு ரொட்டி. மாற்றாகக் கிடைத்தவை அரிசிம்பருப்புச் சோறும் சந்தகையும் கச்சாயமும். கச்சாயத்தின் மேலிருந்த ஆசையாலேயே நான் ஏழு நாளும் சென்றேன் என்பதை மறைப்பதற்கில்லை.

என்னோடு நாள் தவறாது வந்தவள் என் தோழி. எதிர்வீட்டு ஆத்தாவின் பேத்தி. என்னைவிட ஓராண்டு மூத்தவள்; ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டுக் கம்பெனியில் கைமடிக்கும் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தாள். ஏற்றுமதிச் சரக்கு கப்பலேறும் நாள் நெருங்கினால் அக்காலத்தில் திருப்பூருக்கு இரவு கிடையாது. ஏழாம் நாள் அவளைக் கம்பெனியில் விடியும்வரை நிறுத்திக்கொண்டார்கள். கணக்குப்படி ஏழு நாளும் வந்தவள் நான் ஒருத்திதான்.

எட்டாம் நாள் மாலை தெருவில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதனை அடக்கியவர் அந்த ஆத்தாவே. தம் பேத்திக்குக் கிடைக்க வேண்டியது என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்காதா? ஆயினும், "ஏழு நாளும் வந்தது பாய்வூட்டு அம்மிணிதான். இதுல என்ன பேச்சு?" என்று முடித்துவிட்டு, நேரே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து அமர்ந்தார்.

நன்னி சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க புள்ள சோறு போடட்டுமுங்க. பூவும் வெச்சுக்கட்டும். வெளக்கெடுக்கறது, சூடங் காட்டறது, கும்புடறது மட்டும் வேண்டாம். எங்க வணக்கம் படைச்சவனுக்குத்தான், அவன் படைச்ச நிலாவுக்கு இல்லீங்க" என்றார். குரலில் கடுமை இல்லை, குழைவும் இல்லை.

"அது எனக்குத் தெரியாதுங்களா? வெளக்கை எம் பேத்தி எடுத்துக்கட்டும். சோறு உங்க புள்ள போடட்டும்" என்றார் ஆத்தா.

பெரிய பெரிய அவைகளில் நல்லிணக்கம் குறித்துப் பேசக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். அந்தத் திண்ணையில் இரு முதிய பெண்கள் ஒரு வெற்றிலை மடிக்கும் நேரத்தில் முடித்ததை அந்த அவைகள் எதிலும் நான் கண்டதில்லை.

அன்றிரவு ஆவாரம்பூ மாலையோடு மரமுக்காலியில் அமர்ந்தேன். பக்கத்தில் தோழி விளக்கோடு நின்றாள். இரவெல்லாம் கண்விழித்ததில் அவள் இமைகள் வீங்கியிருந்தன. விரல் நுனிகளில் பனியன் துணியின் நீலச்சாயம். பெண்கள் எங்கள் இருவரையும் சுற்றிக் கும்மியடித்தனர். பின்பு அன்னக்கூடையை என்னிடம் தந்தார்கள். புளிச்சோறும் தயிர்ச்சோறும் நம் ரொட்டியும் கலந்து கிடந்த அதனை ஒவ்வோர் இலையாக இட்டுவந்தேன். ஒரு வீட்டார் மட்டும் இலையை மடித்துக்கொண்டு எழுந்தனர். ஆத்தா அதனைக் கண்டும் காணாதவர்போல் அடுத்த இலையைச் சுட்டிக் காட்டினார். கடைசியாக மிஞ்சியதைத் தோழியும் நானும் ஒரே இலையில் உண்டோம். அப்போதுதான் அவள், "நேத்து நா வந்திருந்தா ரெண்டு பேருல யாரு?" என்று கேட்டாள். நான் விடை கூறவில்லை. இன்றும் விடையில்லை.

அதே ஆண்டில்தான் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் முடிசூடினர். பத்திரிகைகளில் அந்தப் படங்களைக் கண்டபோது, நானும் ஒரு பட்டத்துக்கு உரியவள்தானே என்று சிறுபிள்ளைத்தனமாக எண்ணிக்கொண்டேன். மேலைநாடுகளில் ஊரின் விளைபொருளுக்குத் திருவிழா எடுத்து, அதற்கோர் அரசியையும் தேர்வர். கலிபோர்னியாவின் காஸ்ட்ரோவில் என்னும் சிற்றூரில் 1948ஆம் ஆண்டு ஆர்ட்டிசோக் என்னும் காய்க்கு அரசியானவர், பின்னாளில் திரையுலகில் புகழ்பெற்ற மர்லின் மன்றோ. அங்கெல்லாம் அழகும் புன்னகையும் தகுதி. எங்கள் தெருவில் வருகைப்பதிவே தகுதி! அத்தகுதியும் பள்ளிக்கு அனுப்பப்பட்டவளுக்குத்தான் வாய்த்தது. வேலைக்கு அனுப்பப்பட்டவளுக்கு வாய்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பெரியவர் ஒருவர் அத்தாவை அழைத்து விசாரித்தாராம். "சோறு பரிமாறினாள், வேறொன்றும் செய்யவில்லை" என்று அத்தா கூற, பெரியவர் சிறிது யோசித்து, "ரொட்டி எல்லாருக்கும் போதுமானதாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டாராம்.

மாணவியரிடம் நான் சொன்னது இவ்வளவே. சொல்லாமல் விட்டது இனி வருவது.

நன்னி 1996இல் இறையடி சேர்ந்தார். 1997 நவம்பரிலும் 1998 பிப்ரவரியிலும் கோவையில் நிகழ்ந்தவற்றை இம்மலரின் மூத்த வாசகர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்த எங்கள் தெருவிலும் பேச்சு குறைந்தது. எவரும் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. ஆயினும் மாலையானால் கதவைத் தாழிடப் பழகிக்கொண்டோம். 1999ஆம் ஆண்டுத் தைப்பூச வாரத்தில் ஒருநாள், மக்ரிபுக்குப் பிறகு கதவு தட்டும் ஓசை. அத்தா இரவு வேலைக்குச் சென்றிருந்தார். "பாய்வூட்டம்மா…" என்று ஆத்தாவின் குரல். பிறகு என் பெயரைச் சொல்லித் தோழியின் குரல். அம்மா என் தோளைப் பற்றினார். அந்தப் பிடி வலுவானதன்று, உதறிவிட்டு எழுந்திருக்கலாம். நான் எழவில்லை.

காலையில் வாசற்படியில் ஒரு தூக்குப்போசி இருந்தது. உள்ளே புளிச்சோறும் நான்கு கச்சாயமும். எறும்பு மொய்த்திருந்தது.

பிறர் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரலாகாது என்பது நன்னியின் சட்டம். எதை இட்டுத் தருவது, என்ன சொல்லித் தருவது என்று நாள்களைக் கடத்தினோம். இரண்டு மாதத்தில் நம்மவர் மிகுதியாக வாழும் பகுதிக்கு வீடு மாறினோம். போசியும் எங்களோடு வந்துவிட்டது. அச்சத்தால் திருப்பித் தரவில்லை என்று நெடுநாள் எனக்கே கூறிவந்தேன். அது முழு உண்மையன்று. அச்சம் ஓராண்டில் போய்விட்டது, நாணம் போகவில்லை.

2025 பிப்ரவரியில் மீண்டும் தைப்பூசமும் பராஅத்தும் ஒரே வாரத்தில் வந்தன. ரொட்டி சுட்டுப் போசியில் அடுக்கி எடுத்துக்கொண்டு பழைய தெருவுக்குச் சென்றேன். முச்சந்தி தார்ச்சாலையாகியிருந்தது. ஆத்தாவின் வீட்டிருந்த இடத்தில் மூன்றடுக்குக் கட்டடம். அறைதோறும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பனியன் தொழிலாளர்கள். ஆத்தா காலமாகிப் பல்லாண்டுகள் ஆயின என்றும், பேத்தி பெருமாநல்லூர்ப் பக்கம் குடியேறி, ஏதோ ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள் என்றும் மளிகைக்கடைக்காரர் சொன்னார். எந்தக் கம்பெனி என்பது அவருக்குத் தெரியவில்லை.

மாடிப்படியில் விளையாடிய குழந்தைகள் என் கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஆளுக்கொன்றாக ரொட்டியைக் கொடுத்தேன். அவர்களுள் ஒரு சிறுமி போசியை வாங்கி, தெருக்குழாயில் கழுவி என்னிடம் திருப்பித் தந்தாள்.

அது என் சமையலறையில்தான் இருக்கிறது. விடுமுறை நாள்களில் பெருமாநல்லூர்ச் சாலையில் செல்லும்போது அதனை உடன் எடுத்துச் செல்கிறேன்.